ஒரே கிளிப்பரால் குதிரை, ஆடு, நாய் மூன்றுக்கும் மயிர் வெட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முழுக்க வாசித்தேன். வாசிக்கிற மற்ற ஆட்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடமராட்சிப் பக்கம் வளவுக்குள் ஒரு பெண் குதிரை நிற்கிறது, நுவரெலியாவிலிருந்து வாங்கி வந்தது, கல்யாண ஊர்வலங்களுக்கு விடுகிறீர்கள். கூடவே சில ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகள், வீட்டுக்குள் ஒரு பொமரேனியன் நாய். குதிரைக்கு மயிர் அடர்ந்துபோய்க் கிடக்கிறது, வெயிலுக்கு மூச்சு இளைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோவிலிருக்கிற அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது நல்ல குதிரைக் கிளிப்பர் ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா, அதையே ஆட்டுக்கும் நாய்க்கும் பாவிக்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்கிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். கனடாக் கடையில் வயரோடு விற்கிற பெரிய குதிரைக் கிளிப்பரை வாங்க வேண்டாம். கத்தியைக் கழற்றி மாட்டக்கூடிய, ஏ5 என்று சொல்லப்படுகிற வகையில், பற்றரியில் ஓடுகிற நல்ல கிளிப்பர் ஒன்றும் அதற்கு மூன்று நாலு கத்திகளும் இருந்தால் உங்கள் வளவிலுள்ள எல்லாவற்றுக்கும் காணும். காசைக் கிளிப்பரின் உடம்பில் கொட்டுவதைவிடக் கத்தியில் கொட்டுங்கள். மயிரை வெட்டுவதும் தோலைக் காப்பதும் கத்திதான். நான் இங்கிலாந்தில் குதிரை லாயத்தில் வேலை செய்த காலத்திலும் சரி, இப்போது ஊரில் நாய்க்கும் ஆட்டுக்கும் மயிர் வெட்டிக் கொடுக்கிறபோதும் சரி, மொக்கைக் கத்தி போட்ட விலை கூடின கிளிப்பரால் மிருகங்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கிளிப்பரைப் பற்றிக் கதைக்க முதல் அந்தக் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். குளிர் நாடுகளில் குதிரைக்கு உடம்பு முழுக்க மயிர் வெட்டுவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. மாரி காலத்தில் குதிரைக்குத் தடித்த மயிர் முளைக்கும். அந்த மயிரோடு வேலை செய்தால் வேர்த்து நனைந்து, குளிரில் காயாமல் நடுங்கும். அதனால் வெட்டிவிட்டுக் கம்பளம் போர்த்துவார்கள். கழுத்தின் அடியும் நெஞ்சும் மட்டும் வெட்டுவது, வயிற்றோடு சேர்த்துப் பாதி உடம்பு வெட்டுவது, கால்களையும் சேணம் வைக்கிற இடத்தையும் விட்டு மிச்சமெல்லாம் வெட்டுவது என்று குதிரையின் வேலைக்கு ஏற்றமாதிரிப் பல விதம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காரணம் இல்லை. குதிரைக்கு மயிர் கூடுவதும் உதிர்வதும் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளத்தைப் பொறுத்தது, வெப்பநிலைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. லண்டனில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் 8 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். எங்களூரில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே இங்கே நிற்கிற குதிரைக்குச் சாதாரணமாக மொழுமொழு என்ற கட்டை மயிர்தான் இருக்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், குளிருக்குள் இருக்கிற இடம். அங்கிருந்து வந்த புதிதில் மயிர் கொஞ்சம் தடிப்பாக இருப்பது இயல்பு, சில மாதத்தில் தானாக உதிர்ந்து மட்டுப்பட்டுவிடும். ரப்பர் சீப்பால் தினமும் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தால் இன்னும் கெதியாக உதிரும். அப்படியும் உதிராமல், மயிர் நீண்டு சுருண்டு நிற்கிறதென்றால், குதிரைக்கு 15 வயதுக்கு மேல் என்றால், அது கிளிப்பரால் தீர்க்கிற விஷயமில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வருகிற கோளாறு ஒன்றின் முக்கியமான அடையாளம் அது. குளம்பு நோவும் அதோடு சேர்ந்து வரலாம். மயிரை வெட்டினால் குதிரைக்குச் சுகமாக இருக்கும், வெட்டலாம், ஆனால் மிருக வைத்தியரிடம் காட்டாமல் வெட்டிவிட்டு விடக்கூடாது. அடையாளத்தைத்தான் வெட்டியிருப்போம், வருத்தம் உள்ளே இருக்கும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று: வெயிலுக்கு இளைக்கிறது என்கிறீர்களே, அது வேர்க்கிறதா? ஊர்வலம் முடிந்து வந்ததும் கழுத்திலும் சேணத்துக்குக் கீழேயும் கையை வைத்துப் பாருங்கள். குளிரான இடத்திலிருந்து புழுக்கமான இடத்துக்கு வந்த சில குதிரைகளுக்கு வேர்க்கிற சக்தியே குறைந்துவிடும், சிலவற்றுக்கு அறவே நின்றுவிடும். மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும், உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், தோல் மட்டும் காய்ந்திருக்கும். குதிரை உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்கு வேர்வைதான் பெரிய வழி என்பதால் இது ஆபத்தான நிலை. அப்படியானால் நிழல், காற்று, மேலே ஊற்றத் தண்ணீர், வேலையை விடியப்புறத்துக்கும் பின்னேரத்துக்கும் மாற்றுவது, மிருக வைத்தியர், இவ்வளவும் முதலில். மயிர் வெட்டுவது அதற்குப் பிறகு கிடைக்கிற சின்ன உதவி.

சரி, வெட்டத்தான் வேண்டும் என்று முடிவானால் கிளிப்பருக்கு வருவோம். எங்கள் சனம் அதிகம் அகப்படுகிற இடம் கரண்ட். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே வாங்கிய வயர் கிளிப்பரைப் பிளக்கை மட்டும் மாற்றி இங்கே குத்தினால் மோட்டர் எரிந்து புகை வரும், கையில் பிடித்திருக்கிற ஆளுக்கும் ஆபத்து. வோல்ட் குறைக்கிற பெட்டி ஒன்று வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சுழல் மோட்டர் உள்ள கிளிப்பர் என்றால் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் விலை குறைந்த கிளிப்பர்களில் பல காந்தச் சுருளால் கத்தியை இழுத்து விடுகிற வகை. அவை கரண்டின் ஹேர்ட்ஸோடு சேர்ந்துதான் அடிக்கும், 60 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 7,200 அடி, 50 ஹேர்ட்ஸில் 6,000 அடி. அங்கத்தைய கரண்டுக்கென்று செய்ததை இங்கே ஓட்டினால் கடகடவென்று தகரம் அடிக்கிற சத்தம் வரும், வெட்டும் பிடியாது. பெட்டி வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. அந்தச் சத்தத்துக்கு எந்தக் குதிரையும் நிற்காது.

பற்றரிக் கிளிப்பரில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அண்ணாவைக் கடையில் வைத்தே சார்ஜரின் முதுகிலுள்ள சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் இங்கே ஒரு பிளக் மாற்றியோடு பாவிக்கலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வரட்டும். லண்டனிலோ சுவிஸிலோ சொந்தக்காரர் இருந்தால் வயர் கிளிப்பரையும் யோசிக்கலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். லண்டன் பிளக் எங்கள் மூன்று சதுரப் பின் 13 அம்பியர் பிளக்கேதான், சுவிஸ் பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும். குதிரை, மாட்டுக் கிளிப்பரில் பெரிய பெயரெடுத்த ஹைனிகர் சுவிஸ் கம்பனிதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

வயர் கிளிப்பர் பாவிக்கிற ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டிலின் ஈரத் தரையில், நாலு கால் உள்ள மிருகத்துக்குப் பக்கத்தில், வயரை இழுத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள். வீட்டு மீட்டர் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வயர் குதிரையின் காலுக்குள் போகாமல் தோளுக்கு மேலால் கொண்டுவர வேண்டும். குதிரை எங்களைவிட மின்சாரத்துக்குப் பலவீனமானது, எங்களுக்குச் சுள்ளென்று படுகிற அடி அதைக் கொன்றுவிடலாம். பற்றரி வகையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம். கரண்ட் போனாலும் பாதி வெட்டிய குதிரையோடு நிற்கத் தேவையில்லை என்பது மேலதிக நன்மை, 2022 மின்வெட்டு எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சலூன் கிளிப்பரால் வெட்டலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மனிதத் தலையில் மயிர்கள் ஐதாகவும் சுத்தமாகவும் இருக்கும். நாயின் தோலில் ஒரே துவாரத்திலிருந்து பல மயிர் கூட்டமாக வரும், அடியில் பஞ்சு மயிர் வேறு. குதிரையில் மயிரோடு தூசியும் வேர்வை உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். சலூன் கிளிப்பரின் மோட்டர் அதற்குள் இறங்கியதும் திணறும், கத்தி வெட்டாமல் மயிரைப் பிடித்து இழுக்கும். இழுபட்ட மிருகம் ஒரு தடவையிலேயே கிளிப்பருக்குப் பயந்துவிடும். அந்தப் பயத்தைத் தெளியவைக்க மாதக்கணக்கில் செல்லும், அதுதான் எனக்கு மனவருத்தம். நாய்க்கும் குதிரைக்கும் செய்யப்பட்ட கிளிப்பர்களில் மோட்டர் பலமானது. ஏ5 வகையில் கத்தி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,500 தடவை அசையும், சிலவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கூடின வேகம் வழுவழுப்பாக வெட்டும், ஆனால் கத்தி கெதியாகச் சுடும். குதிரையின் முகம், நாயின் வயிறு போன்ற இடங்களுக்குக் குறைந்த வேகம் நல்லது, சத்தமும் குறையும்.

இனிக் கத்தி. ஓஸ்டர், அண்டிஸ், வால் மூன்று கம்பனியும் ஏ5 பொருத்துள்ள கிளிப்பர்களைச் செய்கின்றன, ஒன்றின் கத்தி மற்றதில் ஏறும். இதனால்தான் இந்த வகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன், ஒரு கம்பனிக்குள் மாட்டுப்பட்டுக் கிடக்கத் தேவையில்லை. வால் கம்பனியின் எல்லாக் கிளிப்பரும் இந்த வகை இல்லை. ஒரே கத்தியில் நெம்பை நகர்த்தி ஐந்து நீளம் மாற்றுகிற சின்னக் கிளிப்பர்களும் அவர்களிடம் உண்டு. அவை முகம், காது ஓரம், பாதம் போன்ற நுணுக்க வேலைக்கு அருமை, ஆனால் ஏ5 கத்தி அவற்றில் ஏறாது, குதிரை உடம்புக்கும் காணாது.

இலக்கம் கூடக் கூட மயிர் கட்டையாகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் இலக்கம் 1.5 மில்லிமீற்றர் மயிரை விட்டு வெட்டும். 30-ஆம் இலக்கம் 0.5, 40-ஆம் இலக்கம் 0.25 மில்லிமீற்றர், அதாவது கிட்டத்தட்ட மொட்டை. மறுபக்கம் 7எஃப் 3.2 மில்லிமீற்றரும் 5எஃப் 6.3 மில்லிமீற்றரும் 4எஃப் 9.5 மில்லிமீற்றரும் விடும். இலக்கத்தோடு எஃப் இருந்தால் பற்கள் எல்லாம் ஒரே நீளம், வெட்டு மட்டமாக வரும். எஃப் இல்லாத 7, 5, 4 கத்திகளில் ஒரு பல் நீளம் ஒரு பல் கட்டை என்று மாறி மாறி இருக்கும். சடை பிடித்த மயிருக்குள் புகுந்து போவதற்காக அப்படிச் செய்தது. அந்த நீளப் பற்களுக்கு இடையில் தோல் மடிப்பு அகப்பட்டால் கிழிந்துவிடும், ஆட்டின் விலாமடிப்பு, நாயின் அக்குள், பூனையின் எந்த இடமும் அப்படித்தான். புதிதாகப் பழகுகிற ஆள் எஃப் இல்லாத கத்தியை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த அளவுகள் மயிரின் எதிர்ப்போக்கில் வெட்டும்போது வருபவை. மயிர் படிந்த பக்கமாகவே வெட்டினால் இன்னும் நீளமாக மிஞ்சும்.

ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் 10-ஆம் இலக்கம். பற்கள் நெருக்கமாக இருப்பதால் தோலை இலேசில் பிடிக்காது. குதிரையின் தலைக்கயிறு போகிற பிடரி இடம், குளம்புக்கு மேலுள்ள சடை, தாடை ஓரம், காயத்தைச் சுற்றி, ஆட்டின் மடி, நாயின் சடைக்கட்டி, பாதத்து அடி எல்லாவற்றுக்கும் அதுதான். 40-ஆம் இலக்கம் மிருக வைத்தியர் சத்திரசிகிச்சைக்கு முதல் தோலைத் துப்பரவாக்கப் பாவிப்பது. அதைக் கொண்டு உடம்பில் கோடிழுத்தால் வெயிலில் தோல் வேகும், முக்கியமாக வெள்ளைக் குதிரைக்கும் முகத்தில் வெள்ளை உள்ளதற்கும். குதிரை உடம்பு முழுக்க ஏ5 கிளிப்பரால் வெட்டுவதற்கென்றே அகலமான கத்தி உண்டு, அண்டிஸில் அதன் பெயர் டி-84 (T-84), 2.4 மில்லிமீற்றர் விடும். சாதாரணக் கத்தியைவிட அகலம் என்பதால் கோடு கோடாக விழுவது குறையும், வேலையும் கெதியாக முடியும். உங்கள் ஒரு குதிரைக்கு அது தாராளமாகக் காணும்.

அப்படியானால் அந்தப் பெரிய குதிரைக் கிளிப்பர் யாருக்கு? ஒரு நாளில் பல குதிரைக்கோ மாட்டுக்கோ உடம்பு முழுக்க வெட்டுகிற ஆட்களுக்கு. ஒரு கிலோவுக்கு மேல் பாரம், கத்தி மிக அகலம், மேல்கத்தி கீழ்க்கத்தி இரண்டையும் திருகாணியால் இறுக்க வேண்டும். அந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கூட இறுக்கினால் கத்தி சுட்டு மோட்டர் திணறும், தளர்ந்தால் இரண்டு கத்திக்கும் நடுவில் மயிர் புகுந்து மெல்லும். எவ்வளவு இறுக்குவது என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு, கூட வருகிற தாளில் உள்ளபடிதான் செய்ய வேண்டும், கண்மதிப்பு உதவாது. ஏ5 வகையில் கத்திக்குப் பின்னாலுள்ள வில்லே அந்த அழுத்தத்தைக் கொடுத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: செம்மறிக் கம்பளி கத்தரிக்கிற மெஷினும் பார்க்க இதே மாதிரி இருக்கும், இணையத்தில் மலிவாகவும் கிடைக்கும். அதன் சீப்புப் பற்கள் தடித்து, அகல இடைவெளியோடு கம்பளிக்கென்று செய்தவை. குதிரையிலோ ஆட்டிலோ வைத்தால் தோலை வெட்டும். எங்கள் யாழ்ப்பாணச் செம்மறிக்குக்கூட அது தேவையில்லை, அதற்கு உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, மயிர்.

ஆட்டுக்கு உடம்பு முழுக்க வெட்டுவதில் பெரிய பயன் இல்லை. பால் கறக்கிற மறியாட்டின் மடியிலும் பின்தொடையின் உட்பக்கத்திலும் உள்ள நீள மயிரை 10-ஆம் இலக்கத்தால் எடுத்துவிடுங்கள். ஜமுனாபாரிக் கலப்புகளுக்குப் பின்தொடையில் குஞ்சம் குஞ்சமாக மயிர் தொங்கும், பிழுக்கையும் மூத்திரமும் பிடித்துக் கறக்கும்போது பாலுக்குள் கொட்டும். எடுத்துவிட்டால் மடியும் துப்பரவு, உண்ணியும் கண்ணுக்குத் தெரியும். ஆட்டை ஒரு ஆள் பிடிக்க, மற்ற ஆள் இடக்கையால் தோலை இழுத்து மட்டமாக்கிக்கொண்டு வெட்ட வேண்டும், முலைக்காம்பை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். கறவைப் பசுவின் மடிக்கும் இதே முறைதான். சவாரி மாடு வைத்திருக்கிற ஆட்கள் மாட்டை மினுக்கமாகக் காட்ட உடம்பை வழிக்கலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாம்பனின் மினுக்கம் தீனியிலும் தேய்த்துக் குளிப்பாட்டுவதிலும் வருவது, வழித்தால் இருக்கிற பளபளப்பும் போய்விடும். சொறியோ படர்தாமரையோ வட்டம் வட்டமாக இருந்தால் எந்த மிருகத்திலும் கிளிப்பரை வைக்காமல் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். படர்தாமரை கத்தியோடு அடுத்த மிருகத்துக்குப் போகும், எங்கள் கைக்கும் வரும்.

பொமரேனியனைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன். வெயில் என்று அதை மொட்டையடிக்காதீர்கள். அதற்கு இரண்டு அடுக்கு மயிர், மேலே நீட்டு மயிர், அடியில் பஞ்சு. மேல் மயிர் வெயிலையும் நுளம்பையும் தடுக்கும். அடிப் பஞ்சைச் சீவி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்வரும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. கட்டையாக வழித்த பொமரேனியனுக்குச் சில வேளை மயிர் திரும்ப ஒழுங்காக முளைக்காது, திட்டுத் திட்டாக வெறுந்தோல் மாதக்கணக்கில் நிற்கும், சிலதுக்கு அப்படியே நின்றுவிடும். கோல்டன் ரெட்ரீவர், ஜேர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி எல்லாவற்றுக்கும் இதே கதை. உங்கள் நாய்க்கு வேண்டியது நல்ல இரும்புச் சீப்பு. கிளிப்பர் பாதத்து அடிக்கும் மலவாய்ச் சுற்றுக்கும் மட்டும். ஷிட்சு, லாசா மாதிரி மயிர் வளர்ந்துகொண்டே போகிற நாய்களுக்குத்தான் 7எஃப், 4எஃப் எல்லாம். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை பிடித்துக் கட்டியாகிவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கட்டியை இழுத்ததும் தோலும் கூடவே எழும்பி வரும், எது மயிர் எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. 10-ஆம் இலக்கத்தைத் தோலோடு படுக்கவைத்துக் கட்டிக்கு அடியால் மெல்ல மெல்லப் போங்கள். பூனைக்கும் அதே கத்தி, தோல் கடதாசி மாதிரி என்பதால் இன்னும் பொறுமை வேண்டும், முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நல்ல கத்தியை ஒரே நாளில் மொக்கையாக்குவது மண். எங்களூர்ச் செம்மண் தூசியும் கரையோர மணலும் குதிரையின் மயிர் அடியில் போய் இருந்துகொள்ளும், அதற்குள் கத்தியை விட்டால் அரத்தில் தேய்ப்பதற்குச் சமன். வெட்டுவதற்கு முதல்நாள் குளிப்பாட்டுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற கடினத் தண்ணீர் என்பதால் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது, நுரைத்தாலும் வெள்ளைப் பிசுக்காக மயிரில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கில் கத்தி ஓடாது. சவர்க்காரத்தை விட்டு ஷாம்பூ பாவித்து, நினைப்பதைவிட இரண்டு மடங்கு தண்ணீரால் அலசுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலை அதில் செய்யலாம். பிறகு அடிவரை காய வேண்டும். ஈர மயிர் கத்திக்குள் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும்.

குதிரைக்குச் சத்தத்தைப் பழக்குவதை அண்ணா வந்திறங்கின அன்றே செய்துவிட நினைக்காதீர்கள். முதலில் தூரத்தில் நின்று ஓடவிடுங்கள், குதிரை தவிடு தின்னுகிற நேரம் பார்த்து. காது திரும்பும், தலை உயரும், பிறகு திரும்பத் தவிட்டுக்குள் குனியும். அந்தக் குனிவைக் காணும்வரை கிட்டப் போகாதீர்கள். அடுத்த கட்டம், உங்கள் வெறுங்கையைத் தோளில் வைத்து, அந்தக் கையின் முதுகில் ஓடுகிற கிளிப்பரை வையுங்கள். அதிர்வு கைக்குள்ளால் மெதுவாகத் தோலுக்குப் போகும், குதிரை தோலை ஒரு தடவை சிலிர்த்துவிட்டு நிற்கும். அது பழகின பிறகு கத்தி இல்லாத பக்கத்தை நேரே தோளில் வைக்கலாம். வெட்டத் தொடங்குவதும் தோளில்தான். மயிர் படிந்திருக்கிற திசைக்கு எதிராக, கத்தியைத் தோலோடு மட்டமாகப் படுக்கவைத்து, நீளமான கோடாக இழுங்கள், ஒவ்வொரு கோடும் முந்தினதில் கொஞ்சம் ஏறிப் போகட்டும். முழங்கை மடிப்பிலும் விலாவிலும் மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தலையைக் கடைசிக்கு விடுங்கள். காதின் உள்மயிரை எடுக்க வேண்டாம், எங்கள் ஊர் ஈக்கும் நுளம்புக்கும் அதுதான் வேலி. மூக்கு, வாய், கண்ணைச் சுற்றி நிற்கிற நீள உணர்மயிர்களையும் தொடாதீர்கள். குதிரை தன் மூஞ்சிக்குக் கிட்ட இருப்பதை அவற்றால்தான் அறிகிறது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை 1 முதல் அவற்றை வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை. கயிறு போட்டு முறுக்கி, நாலு பேர் அமத்திப் பிடித்து வெட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். நிற்காத குதிரைக்கு இலேசாக மயங்கி நிற்கிற அளவில் ஊசி போட வைத்தியர் இருக்கிறார்.

வெட்டுகிற நேரம் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கத்தியை உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டை மிருகமும் தாங்காது, வாய் திறந்து சொல்லத்தான் அதால் முடியாது. சுட்டால் நிறுத்துங்கள், தூரிகையால் மயிரைத் தட்டி இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடுங்கள், அல்லது மற்றக் கத்தியை மாற்றுங்கள். 10-ஆம் இலக்கத்தில் இரண்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். எண்ணெய் என்றால் கிளிப்பர் எண்ணெய், அது முடிந்துவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் விட்டால் சில நாளில் பிசினாகிக் கத்தியை ஒட்டிவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றிக் காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள். வடமராட்சிக் கடற்காற்றில் வெறுமனே மேசையில் கிடந்த கத்தி எத்தனை கெதியாகத் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மொக்கையானதைக் கத்தி சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். கிளிப்பர் கத்தியின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழிவு இருக்கிறது, அதற்கென்ற வட்டில்தான் மேலும் கீழும் சோடியாகத் தீட்ட வேண்டும். சாதாரணக் கல்லில் தேய்த்தால் பளபளக்கும், வெட்டாது. சேர்த்து வைத்து, வெளிநாடு போகிற ஆளிடம் கொடுத்துத் தீட்டி எடுப்பது நல்லது.

ஆக அண்ணாவிடம் சொல்ல வேண்டியது: ஏ5 பொருத்துள்ள பற்றரிக் கிளிப்பர் ஒன்று, சார்ஜர் 240 வோல்ட் வரை தாங்குகிறதா என்று பார்த்து, இயலுமானால் மேலதிகப் பற்றரியோடு. 10-ஆம் இலக்கக் கத்தி இரண்டு, அகலமான டி-84 ஒன்று. ஒரு போத்தல் எண்ணெய். 7எஃப் உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை, பக்கத்து வீட்டில் ஷிட்சு இருந்தால் யோசிக்கலாம். மேலதிகமான லித்தியம் பற்றரியைக் கையில் கொண்டுபோகிற பையில்தான் வைக்க வேண்டும், விமானத்தில் பெட்டிக்குள் போட விடமாட்டார்கள். கத்திகளைப் பெட்டிக்குள் போடட்டும், கைப்பையில் இருந்தால் சோதனையில் பறிபோகலாம்.

அதற்கிடையில் குதிரைக்கு வயது என்ன, வந்து எத்தனை மாதம், மயிர் சுருண்டிருக்கிறதா நேராக இருக்கிறதா, ஊர்வலம் முடிந்து வந்ததும் சேணத்துக்குக் கீழே நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று எழுதுங்கள் தம்பி. காய்ந்திருந்தால் எனக்கு எழுதுவதற்கு முன்னமே மிருக வைத்தியருக்கு ரெலிபோன் எடுங்கள்.